கடைசிக் கட்ட நோயாளிகளோடு பேசும்போது நமக்குள் எழுவதை என்ன செய்வது?

புதிய_ஆலோசகர் (கேள்வி)

வணக்கம். புற்றுநோய் வார்டில் ஆலோசகர் வேலை. ஒரு நாளைக்கு ஆறேழு பேர். அதில் பாதிப் பேருக்கு மேல் நோய் கல்லீரலுக்கோ எலும்புக்கோ பரவிய நிலை. மனச்சோர்வை எப்படி அளப்பது, தூக்கத்தை எப்படிச் சரிசெய்வது என்பதெல்லாம் பாடத்திட்டத்தில் இருந்தது. எதிரே இருப்பவர் பிழைக்கப்போவதில்லை என்று தெரிந்த பிறகு நமக்குள் கிளம்புவதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பது மட்டும் இல்லை.

நான்கு இடங்களில் தடுமாற்றம். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் கலங்குகிறது; அடக்க வேண்டுமா, விட்டுவிடலாமா? சிலரைப் பார்க்கப் போகவே கால் வருவதில்லை, பட்டியலில் கடைசிக்குத் தள்ளிவிடுகிறேன். வேறு சிலரிடம் 45 நிமிடம் 75 நிமிடமாகிறது. "அப்பாவுக்கு மட்டும் சொல்லிடாதீங்க" என்று வீட்டார் கும்பிடும்போது அவர்கள்மேல் கோபம் வருகிறது. கடைசியாக, காலையில் ஒருவர் இறந்திருப்பார், அடுத்தவர் பத்து நிமிடத்தில் வந்து உட்காருவார். அந்தப் பத்து நிமிடத்தில் என்ன செய்வது?

யோகா செய்யுங்கள், பாட்டுக் கேளுங்கள் என்ற பதில்கள் நிறையப் படித்தாயிற்று. வேலைக்கு நடுவில் செய்யக்கூடியது வேண்டும்.

வேப்பமரம்

உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன், மற்ற மூன்றுக்கும் அதுதான் வேர்.

உணர்ச்சியைத் தேடாதீர்கள், நடத்தையைத் தேடுங்கள். "இவரைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது" என்று மனசு ஒப்புக்கொள்வதற்கு ரொம்ப நாள் முன்பே அப்பாயின்ட்மென்ட் நோட்டு அதைச் சொல்லியிருக்கும். ஒருவருடைய முறை மட்டும் தொடர்ந்து தள்ளிப்போவது, படுக்கைக்குப் போகாமல் கூட இருப்பவரிடம் விசாரித்துவிட்டுத் திரும்புவது, ஒருவருடைய கேஸ் ஷீட்டை மட்டும் சாயங்காலம் வரை எழுதாமல் வைப்பது ஒரு பக்கம். நேரம் நீள்வது, ஒருவருக்கு மட்டும் சொந்த நம்பர் கொடுப்பது, லீவு நாளில் அவரைப் பற்றி வார்டுக்குப் போன் போட்டுக் கேட்பது இன்னொரு பக்கம். பார்க்க எதிரெதிராகத் தெரியும். இரண்டுக்கும் அடியில் இருப்பது பெரும்பாலும் ஒன்றே: "என்னால் இவரைக் காப்பாற்ற முடியவில்லை" என்ற தவிப்பு. ஒருவரிடம் அது ஓட வைக்கிறது, இன்னொருவரிடம் ஒட்ட வைக்கிறது.

வாரத்துக்கு ஒரு தடவை, வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள், நோட்டை எடுத்து ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஒதுக்கிய நிமிடம், நடந்த நிமிடம், தள்ளிப்போட்ட தடவை மூன்றையும் எழுதுங்கள். பத்து நிமிட வேலை. எங்கே கோணல் இருக்கிறதோ அங்கே உணர்ச்சி உட்கார்ந்திருக்கிறது.

கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்பதற்கு, 2001-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் டயான் மேயரும் சக மருத்துவர்களும் எழுதிய கட்டுரையில் வரும் நாலு படிகளைவிட எளிமையானது நான் பார்த்ததில்லை. அந்த உணர்ச்சிக்குப் பெயர் வை. அது வருவது இயல்பு என்று ஏற்றுக்கொள். அதனால் நோயாளிக்கு என்ன ஆகலாம் என்று யோசி. நம்பிக்கையான சக ஊழியர் ஒருவரிடம் சொல். மருத்துவர்களுக்காக எழுதியது, ஆனால் நமக்கும் அப்படியே பொருந்தும். நடைமுறையில் பலரும் வழுக்குவது முதல் படியில்தான். "ஒரு மாதிரி இருக்கு", "டயர்டா இருக்கு" என்பதெல்லாம் பெயர் ஆகாது. பயம், கோபம், அருவருப்பு, குற்றவுணர்வு, இரக்கம், பொறாமை, சலிப்பு என்று ஒற்றைச் சொல்லுக்கு வர வேண்டும். அருவருப்பு என்று எழுதக் கை கூசும். புண் வைத்த வாய்ப் புற்று, மார்பில் உடைந்த கட்டி, அந்த வாடை. உடம்பு விலகத்தான் செய்யும். ஒத்துக்கொண்டவர் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காருவார். ஒத்துக்கொள்ளாதவர் "இன்னைக்கு அவங்க ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று திரும்பிவிடுவார்.

இன்னொன்று, எழுந்த உணர்ச்சி யாருடையது என்று பார்க்க வேண்டும். நோயாளி நமக்குள் கிளப்புவதற்குப் பெயர் கவுண்டர் டிரான்ஸ்ஃபரன்ஸ். உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃபிராய்ட் 1910-ல் இதைச் சிகிச்சையாளர் கடந்தாக வேண்டிய தடை என்றார். 1950-ல் உளப்பகுப்பாய்வாளர் பவுலா ஹைமன் அதைத் திருப்பிப் போட்டு, நோயாளியின் மனசுக்குள் பார்ப்பதற்கான கருவியே அதுதான் என்றார். வார்டில் இரண்டுமே நடக்கிறது, ஆகவே சோதித்துப் பார்க்க வேண்டும். அதே எரிச்சல் அன்றைக்கு மற்ற நோயாளிகளிடமும் வந்ததா? அப்படியானால் அது நம் தூக்கமின்மையோ வீட்டுக் கவலையோ. அவரிடம் மட்டும், அதுவும் அவர் ஒரு குறிப்பிட்ட விஷயத்தைத் தொடும்போது மட்டும் வந்ததா? அப்போது அவருடையதும் கலந்திருக்கிறது. நர்ஸிடம் "அவரைப் பார்த்தா உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். மூன்று பேருக்கு ஒரே மாதிரி கையாலாகாத்தனம் தோன்றினால், அந்த மனிதர் வாய்விட்டுச் சொல்லாமல் சுமப்பது அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

செஷனுக்குள் இது எப்படித் தெரியும் என்பதற்கு ஒரு காட்சி. நோயாளி கேட்கிறார்: "அடுத்த பொங்கலுக்கு இருப்பேனா?" ஒரு வினாடிகூட ஆகாது, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, தைரியமா இருங்க" என்று வாயில் வந்துவிடும். அந்த வார்த்தை யாரைத் தேற்றியது என்று பாருங்கள். அவர் தலையை ஆட்டிவிட்டு, "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்பார். கதவு சாத்தியாயிற்று. அதற்குப் பதில்: பேனாவைக் கீழே வையுங்கள். இரண்டு பாதமும் தரையில் பட்டிருக்கிறதா பாருங்கள். ஒரு மூச்சை முழுதாக வெளியே விடுங்கள். இதற்கு நாலைந்து வினாடி ஆகும். அந்த மௌனம் நமக்குத்தான் நீளமாகத் தெரியும், அவருக்கு இல்லை. பிறகு, "பொங்கலைப் பத்தி யோசிச்சிருக்கீங்க. என்ன யோசிச்சீங்க?" பெரும்பாலும் அடியில் வேறு ஒன்று இருக்கும்: மகள் கல்யாணம், அடகு வைத்த நகை, கடைசியில் வலி எப்படி இருக்கும் என்ற பயம். எத்தனை மாதம் என்ற கணக்கை நாம் சொல்லக் கூடாது. "அதை டாக்டர்தான் சரியாச் சொல்ல முடியும், நான் கூட இருக்கேன், சேர்ந்தே கேட்கலாமா?" என்பது போதும்.

நைட்_டியூட்டி

நோய்தணிப்புப் பராமரிப்பு நர்ஸ். கண்ணீர் பற்றியும் அந்தப் பத்து நிமிடம் பற்றியும் சொல்கிறேன்.

கண் கலங்குவது வேறு, அழுவது வேறு. அளவுகோல் ஒன்றே ஒன்று: நோயாளி உங்களைத் தேற்ற ஆரம்பிக்கிறாரா? "அழாதீங்க மேடம்" என்று அவர் சொல்லிவிட்டால் இடம் மாறிவிட்டது. அதன் பிறகு அவர் வலியை உங்களிடம் குறைத்துச் சொல்வார், உங்களைக் காப்பாற்றுவதற்காக. கலங்குவதோடு நின்றால் மறைக்காதீர்கள். முகத்தைத் திருப்பி ஃபைலைப் புரட்டினால் "நான் சொன்னது பிடிக்கலை போல" என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். "நீங்க சொன்னது மனசைத் தொட்டிருச்சு. நான் நல்லாத்தான் இருக்கேன், நீங்க சொல்லுங்க." இவ்வளவுதான். கூட ஒரு வாக்கியம் சேர்த்தால் பேச்சு உங்களைப் பற்றியதாகிவிடும்.

அடக்கியே ஆக வேண்டிய நேரமும் உண்டு. உதாரணமாக, எதிரே சின்னப் பிள்ளை இருக்கும்போது. தொண்டை அடைப்பதற்கு முன் உடம்பு அறிகுறி காட்டும்: தாடை இறுகும், மூச்சு மேல் நெஞ்சிலேயே நிற்கும். அப்போதே நாக்கை மேலண்ணத்திலிருந்து தளர்த்தி, நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுங்கள், மூன்று தடவை. விடும் மூச்சு நீளமாக இருக்க வேண்டும். அதுதான் இதயத் துடிப்பைத் தணிக்கிறது. ஆழமாக இழுப்பதிலேயே குறியாக இருந்தால் தலை கிறுகிறுக்கும், படபடப்பு கூடும். தண்ணீர் ஒரு மடக்குக் குடிப்பதும் உதவும். கடிகாரத்தை நோயாளியின் நாற்காலிக்குப் பின்னால், உங்கள் பார்வைக்கு நேரே மாட்டுங்கள். நேரம் பார்க்க மணிக்கட்டைத் திருப்பினால் அவர் கவனிப்பார்.

பத்து நிமிடத்துக்கு: உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து வெளியே வந்துவிட வேண்டும், இது முக்கியம். இரண்டு நிமிடம் மூன்று வரி எழுதுங்கள்: என்ன உணர்ந்தேன், எந்த வார்த்தையில் அது வந்தது, அதனால் என்ன செய்தேன். பெயர் எழுத வேண்டாம், கேஸ் ஷீட்டிலும் எழுத வேண்டாம். அது மருத்துவ ஆவணம், இது உங்களுடையது. பிறகு முழங்கை வரை குளிர்ந்த தண்ணீரில் கழுவி, ஜன்னல் பக்கம் நாலு நடை. கடைசி இரண்டு நிமிடம் அடுத்தவருடைய ஃபைலின் கடைசிப் பக்கத்தை வாசிக்க. இந்த இடைவெளியைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று போன். இன்னொன்று நர்ஸ் ஸ்டேஷனில் நின்று நடந்ததை முழுக்கத் திரும்பச் சொல்வது. விவரத்தோடு திரும்பச் சொல்லும்போது இறங்குவதற்குப் பதில் இன்னொரு தடவை ஏறிக்கொள்கிறது. கேட்கும் சிஸ்டருக்கும் சேர்ந்து ஏறுகிறது.

ஒருவர் இறந்த நாளில், அவர் பெயரை மனசுக்குள் ஒரு தடவை சொல்லி, அவர் சொன்ன ஒரு விஷயத்தை நினைத்து, அரை நிமிடம் சும்மா நில்லுங்கள். மதியத்துக்குள் அதே படுக்கையில் வேறொருவர் இருப்பார். கஷ்டம் அங்கேதான், புதியவரிடம் பழையவரைத் தேடுவோம். படுக்கையின் எந்தப் பக்கம் வழக்கமாக உட்காருவீர்களோ அதற்கு மறுபக்கம் உட்காருங்கள். ஃபைலில் பார்த்த பெயரைச் சொல்லாமல், "உங்களை வீட்டில என்னன்னு கூப்பிடுவாங்க?" என்று கேட்டு ஆரம்பியுங்கள்.

மஞ்சள்_கோப்பு

வீட்டார் மேல் வரும் கோபம். இதில் நாம் நியாயத்தின் பக்கம் நிற்பதாக நமக்குத் தோன்றும், அதனால்தான் பிடிபடுவது கஷ்டம்.

அந்தக் கோபத்தின் ஒரு பகுதி நோயாளியின் தனிமை. வீட்டில் எல்லோருக்கும் தெரியும், தனக்கும் ஏறக்குறையத் தெரியும், யாரும் பேசுவதில்லை. அவருக்கு வர வேண்டிய கோபம் நமக்கு வருகிறது. இன்னொரு பகுதி, பொய்யில் நம்மையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார்களே என்பது. அது நியாயமான கோபம், ஆனால் அதை மகனிடம் காட்டினால் அடுத்த நாளிலிருந்து நீங்கள் படுக்கைப் பக்கமே போக முடியாது.

முதல் வேலை, வீட்டாரைத் தனியாக உட்கார வைத்து, எதிர்க்காமல் காரணம் கேட்பது. "சொன்னா என்ன ஆகும்னு பயப்படுறீங்க?" பதில் பெரும்பாலும் "சாப்பிட மாட்டார், உடைஞ்சு போயிருவார், ஏதாவது பண்ணிக்குவார்" என்பதாக இருக்கும். இது அன்பு, இதை அன்பு என்றே சொல்லுங்கள். அடுத்து, மறைப்பதற்கு அவர்கள் கொடுக்கும் விலையைக் கேளுங்கள்: "அவர்கிட்ட நடிச்சுக்கிட்டே இருக்கிறது உங்களுக்கு எப்படி இருக்கு?" அநேகமாக அங்கேதான் உடைவார்கள். அதன் பிறகு அனுமதி கேளுங்கள், சொல்வதற்கு அல்ல, அவருக்கு என்ன தெரியும் என்று கேட்பதற்கு. வாக்குறுதி இரண்டு பக்கமும் இருக்கட்டும்: "அவர் கேட்காம நான் எதையும் திணிக்க மாட்டேன். ஆனா நேரா கேட்டா பொய் சொல்ல மாட்டேன்." பிறகு நோயாளியிடம், "உடம்புக்கு என்னன்னு நீங்க நினைக்கிறீங்க? எல்லா விவரமும் உங்ககிட்ட சொல்லணுமா, பையன்கிட்ட சொன்னா போதுமா?" "பையன்கிட்டயே சொல்லுங்க" என்பவரும் உண்டு. அது அவருடைய முடிவு, மதிக்க வேண்டியது.

இதை ஒரே உட்காரலில் முடிக்கப் பார்க்காதீர்கள். கோபம் இருக்கிற நாளில் அவசரம் வரும். அவசரம் வந்தால் அன்றைக்குக் காரணம் கேட்பதோடு நிறுத்திக்கொண்டு மறுநாள் தொடருங்கள்.

வடக்குக்_காற்று

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே உளவளத்துணையாளருக்கு (ஆலோசகருக்கு) இன்னொரு சிக்கல் உண்டு: கதைக்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் இழப்பு ஒன்றாகவே இருக்கும். 2004 சுனாமிக்குப் பிறகும் 2009-ல் போர் முடிந்த பிறகும் உதவ வந்த பலர் தாங்களே ஆட்களை இழந்தவர்கள். அங்கே வார்டிலும் இது நடக்கும். ஆலோசகரின் அம்மாவும் அதே கருப்பைவாய்ப் புற்றில் போயிருக்கலாம்.

ஆகவே ஒரு நடைமுறை. சொந்த இழப்பு புதிதாக இருக்கும்போது அதே நோய், அதே வயது, அதே உறவு மூன்றில் இரண்டு பொருந்தும் நோயாளரைச் சில மாதத்துக்கு வேறொருவரிடம் கொடுங்கள். மாற்றுவதற்கு ஆள் இல்லையென்றால், ஒவ்வொரு சந்திப்புக்கு முன்பும் "இவ என்ர அம்மா இல்லை, வித்தியாசம் மூண்டு சொல்லு" என்று மனதுக்குள் கேட்டுப் பதில் சொல்லுங்கள். இவவுக்கு நாலு பிள்ளை, இவ டீச்சர், இவவுக்குக் கோபம் வரும். சின்ன விடயம்தான், ஆனால் முன்னால் இருக்கிற ஆளை அது திரும்பத் தெரிய வைக்கும்.

பரிவு என்ற சொல்லையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். ஜேர்மனியின் லைப்சிக் நகர மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஓல்கா கிளிமெக்கி, டானியா சிங்கர் குழுவினர், துன்பக் காட்சிகளைக் காட்டி ஒரு ஆய்வு செய்தார்கள். மற்றவரின் வலியைத் தானும் உணரப் பழகியபோது ஆட்களுக்கு மனக்கஷ்டம் கூடியது. அதே ஆட்கள் பிறகு, அவருக்கு நல்லது நடக்க வேண்டும் என்ற கருணையைப் பழகியபோது கஷ்டம் இறங்கியது, இதமான உணர்வு கூடியது. வேலையில் இது ஒரு கேள்வியை மாற்றுவதுதான். "எனக்கு இது வந்தால்?" என்று மனம் போகும்போது, "இந்த முக்கால் மணித்தியாலத்தில் இவருக்கு எது உதவும்?" என்று திருப்புங்கள். பதில் சில வேளை தலையணையை உயர்த்தி வைப்பதாகவும் இருக்கும்.

புதிய_ஆலோசகர்

எல்லோருக்கும் நன்றி. வேப்பமரம் சொன்ன வெள்ளிக்கிழமைக் கணக்கை இன்றைக்கே போட்டேன், கோணல் இரண்டு பெயரில் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் நாலாவது படி, யாரிடம் சொல்வது? இங்கே மேற்பார்வைக் கூட்டம் என்றால் எத்தனை பேரைப் பார்த்தாய் என்ற எண்ணிக்கைதான். இன்னொன்று, இறந்தவர் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போகலாமா?

வேப்பமரம்

நாமே ஒரு குழு அமைத்துக்கொள்ளலாம். லண்டனில் 1950-களில் உளப்பகுப்பாய்வாளர் மைக்கேல் பாலிண்ட் குடும்ப மருத்துவர்களுக்காக ஆரம்பித்த முறை இன்றைக்கும் நடக்கிறது. ஆறிலிருந்து பத்துப் பேர், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, ஒன்றரை மணி நேரம். ஆலோசகர், நர்ஸ், சமூகப் பணியாளர் கலந்து இருக்கலாம். ஒருவர் ஃபைல் இல்லாமல், ஞாபகத்திலிருந்து, ஒரு நோயாளியைப் பற்றி ஐந்து நிமிடம் சொல்வார். விவரம் தெரியச் சில கேள்விகள். பிறகு அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டு பேசாமல் கேட்பார். மற்றவர்கள் அந்த நோயாளியாகவும் அந்த ஆலோசகராகவும் தங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று பேசுவார்கள். கடைசியில் அவர் திரும்ப வந்து சேர்ந்துகொள்வார். ஃபைல் வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. எதை மறந்தார், எதை இரண்டு தடவை சொன்னார் என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

இது கெடுவது மூன்று விதம். சிகிச்சையைப் பற்றி ஆலோசனை சொல்ல ஆரம்பித்து, சாதாரண கேஸ் மீட்டிங் ஆகிவிடும். சொல்பவரின் சொந்த வாழ்க்கையைத் தோண்டுவார்கள். அது கூடவே கூடாது. சம்பளமும் லீவும் முடிவு செய்கிற அதிகாரி உள்ளே உட்காருவார், அன்றோடு யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஒழுங்காக நடத்த ஒரே ஆள் தொடர்ந்து தலைமை ஏற்க வேண்டும். நான்கு பேர்கூடச் சேரவில்லையா? ஒரே ஒருவரோடு வாரம் 30 நிமிடம், ஆளுக்குப் பாதி, கேட்பவர் தீர்வு சொல்லக் கூடாது என்ற விதியோடு ஆரம்பியுங்கள். நோயாளியின் பெயர், ஊர் சொல்லாதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் இதைச் செய்யவே வேண்டாம்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ப்ரோகுவோல் (ProQOL) என்ற, உதவும் வேலையில் இருப்பவர்களுக்கான கேள்வித்தாளைப் போட்டுப் பாருங்கள். 30 கேள்வி, போன 30 நாளைப் பற்றி, 1 முதல் 5 வரை. மூன்று மதிப்பெண் தனித்தனியாக வரும்: வேலை தரும் நிறைவு, சோர்வு, பிறர் துயரத்தால் நமக்கு ஏறும் அதிர்ச்சி. ஒவ்வொன்றிலும் 22-ம் அதற்குக் கீழும் குறைவு, 23 முதல் 41 நடுத்தரம், 42-ம் அதற்கு மேலும் அதிகம். சோர்வுப் பகுதியில் 1, 4, 15, 17, 29 ஆகிய ஐந்து கேள்விகளைத் திருப்பிப் போட வேண்டும், 5 என்றால் 1, 4 என்றால் 2. அதை மறந்துவிட்டுப் பயந்துபோகிறவர்கள் நிறைய. மூன்றையும் ஒன்றாகக் கூட்டக் கூடாது. சோர்வு ஏறினால் ஆள் எண்ணிக்கையையும் நேரத்தையும் பற்றி நிர்வாகத்திடம் பேச வேண்டும், மூச்சுப் பயிற்சியால் தீராது. அதிர்ச்சி ஏறினால் யாரைப் பார்க்கிறீர்கள், எந்த வரிசையில் பார்க்கிறீர்கள் என்பதை மாற்ற வேண்டும். மோசமான நிலையில் இருப்பவர்களை அடுத்தடுத்து மூன்று பேர் வைக்காமல், நடுவில் குணமாகித் திரும்பப் பரிசோதனைக்கு வருபவர் ஒருவரை வையுங்கள்.

இது நோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை இல்லை. வார்டுக் காட்சி கேட்காமலே கண்முன் வருவது, இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெடுவது, தூங்குவதற்காகக் குடிப்பது, செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு, இவற்றில் ஒன்று இருந்தாலும் மனநல மருத்துவரைப் பாருங்கள். கடைசியில் சொன்னது இருந்தால் அன்றைக்கே. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 இந்தியா முழுக்க 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.

நைட்_டியூட்டி

துக்கத்துக்குப் போவது பற்றி. வீட்டார் கூப்பிட்டால் போகலாம், கூப்பிடாமல் போகக் கூடாது. பல வீடுகளில் புற்றுநோய் என்பதையே தெருவில் சொல்லியிருக்க மாட்டார்கள், மகள் சம்பந்தம் கெட்டுவிடும் என்று பயந்து. ஆகவே ஆஸ்பத்திரி அடையாள அட்டையைக் கழற்றிப் பையில் வைத்துவிடுங்கள். "எப்படிப் பழக்கம்?" என்று பந்தலில் யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று மகனிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். போவதானால் எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வேண்டும். ஒரு வீட்டுக்குப் போய் இன்னொரு வீட்டுக்குப் போகாவிட்டால் வார்டில் பேச்சு வரும், அந்தக் கோணலும் உங்கள் வெள்ளிக்கிழமை நோட்டில் விழ வேண்டியதுதான்.

மஞ்சள்_கோப்பு

எனக்கு இதில் கொஞ்சம் மாற்றுக் கருத்து. சாவு அன்று போவதைவிட, பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவெல்லாம் கலைந்த பிறகு ஒரு போன் செய்வது வீட்டாருக்கு அதிகம் உதவும். வீடு வெறிச்சென்று ஆகும் நேரம் அதுதான். ஆஸ்பத்திரி நம்பரிலிருந்து, பகலில், பத்து நிமிடம். தூக்கம், சாப்பாடு, கூட யார் இருக்கிறார்கள், இந்த மூன்றையும் விசாரியுங்கள். "அன்னைக்கே கூட்டிட்டு வந்திருந்தா பிழைச்சிருப்பாரா?" என்று நிச்சயம் கேட்பார்கள். பதிலை முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு போனை எடுங்கள்.